மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது புரட்டாசி பிறந்திருக்கும். பகலில் வெயில் இன்னும் குறைந்தபாடில்லை. ஆனால் சாயங்காலமானால் மேகம் கட்டத் தொடங்கிவிடுகிறது. வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வார வாக்கில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள் மொட்டைமாடியில் தண்ணீர் இறங்குகிற குழாயைக் குத்திவிடுவோம். ஜன்னல் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்ப்போம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவோம். வருஷம் முழுக்க வாசலிலும் மாடியிலும் கிடந்து காய்கிற இரும்பு நாற்காலியை, பெஞ்சை, ஊஞ்சலை யாராவது நினைக்கிறோமா?

அதன் நினைப்பு நமக்குப் பொங்கலுக்குத்தான் வரும். வெள்ளையடிக்க ஆள் வந்திருப்பார். கேட்டுக்கு அடித்த பெயிண்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். “அப்படியே அந்த நாற்காலிக்கும் ஒரு கோட் இழுத்துவிட்டிருங்கண்ணே” என்போம். அவரும் இழுத்துவிடுவார். போகியன்று பளபளவென்று இருக்கும். சித்திரை வெயிலில் பொரிப் பொரியாகக் கிளம்பும். ஆடிக் காற்றில் உதிர ஆரம்பிக்கும். “இப்போ வர்ற பெயிண்டெல்லாம் எங்க சரியா இருக்கு?” என்று அலுத்துக்கொள்வோம்.

பாவம், பெயிண்ட் என்ன செய்யும்? துருவின் மேல் பூசினால் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் நிற்காது. அது பிடித்துக்கொண்டிருப்பது இரும்பை அல்லவே, உதிரக் காத்திருக்கும் துருவைத்தானே! மூன்று மாதம் மழையில் ஊறவிட்டு, துரு ஏறிய பிறகு தை மாதத்தில் அதை மூடி மறைக்கிறோம். இரும்புச் சாமான்களுக்கான வேலையைப் பொங்கல் செலவோடு சேர்க்காதீர்கள், மழைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பக்கம். பல வீடுகளில் புரட்டாசியில் கறிக்கடைப் பக்கமே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எப்படியும் சும்மாதானே கிடக்கிறது?

‘அவுட்டோர் ஃபர்னிச்சர்’ என்றதும் புல்வெளி, பெரிய குடை, வெள்ளை மேசை எல்லாம் கண்ணில் வந்து, இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வயர் பின்னிய நாற்காலி, கல்யாண மண்டபத்தில் பார்க்கிற மாதிரி இரும்பு மடக்கு நாற்காலி, கோடையில் மாடியில் போட்டுப் படுக்கிற இரும்புக் கட்டில், பூந்தொட்டி ஸ்டாண்ட், துணி காயப்போடுகிற ஸ்டாண்ட், பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய ஊஞ்சல். இதில் ஒன்றிரண்டாவது இல்லாத வீடு உண்டா?

துரு எப்படி வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர வேண்டும். இதில் உப்பும் சேர்ந்தால் வேகம் பிடித்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர் விட்டு நிற்கிறதே, அதுதான் உங்கள் நாற்காலியின் மேலும் நடக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் விடியற்காலையில் இந்த அளவு ஈரப்பதம் சாதாரணம். மழை பெய்யவே வேண்டாம். கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பும் காலைப் பனியும் போதும்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் உப்பைக் கழுவிவிடும். அதனால் நாற்காலியின் மேல்பக்கம் ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. மழையே படாத அடிப்பக்கத்தில் உப்பு படிந்தபடியே கிடக்கிறது, துரு முதலில் அங்கேதான் பிடிக்கிறது. பால்கனியில் கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைக்கிற பெஞ்ச், வெட்டவெளியில் நனைகிற பெஞ்சைவிடச் சீக்கிரம் அரித்துப்போவதும் இதனால்தான். கடலோர வீடுகளில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். உப்புச் சுவை ஏறிய போர் தண்ணீரால் கழுவினால் உப்பை நாமே கொண்டுபோய்ப் பூசியதாகிவிடும்.

தார்ப்பாய் போட்டு மூடுவதும் அப்படித்தான். தரைவரை இறுக மூடிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். மூடுவதானால் அடியில் காற்று போகும்படி விட்டு மூடுங்கள்.

இரும்பைக் கடல் என்ன பாடு படுத்தும் என்பதற்கு நம் கண்ணெதிரே பாம்பன் இருக்கிறது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு வருஷங்களுக்கு மேல் உழைத்தது. பெயிண்டும் பழுதுபார்ப்பும் ஓயாமல் நடந்ததால்தான் அத்தனை காலம் தாங்கியது. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இரும்பின் மேல் பாலிசிலாக்சேன் என்கிற விசேஷப் பூச்சு அடித்திருக்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வைத்திருக்கிறார்கள். இணைப்புகளை இடைவெளி இல்லாமல் முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். நம் வீட்டு நாற்காலிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி விஷயத்தைத்தான். சமதளமான இடத்தில் தண்ணீர் ஓடிவிடும், காய்ந்துவிடும். இரண்டு பைப் சேருகிற இடுக்கில் அது தங்கும். விலை குறைந்த நாற்காலிகளில் இணைப்பைச் சுற்றிலும் பற்றவைக்காமல் நாலு இடத்தில் பொட்டு வைத்து விட்டிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பொட்டுகளுக்கு நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளி வழியாகத்தான் பைப்பின் உள்ளே தண்ணீர் இறங்குகிறது.

இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, காலில் மாட்டியிருக்கிற ரப்பர் புஷ்ஷைத் திருகி இழுத்துப் பாருங்கள். லேசில் வராது. கொஞ்சம் ஆட்டி ஆட்டி இழுத்தால் ‘பொளக்’ என்று கழன்று வரும். பின்னாலேயே பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வழியும். தகடு தகடாகத் துரு கொட்டும். சில சமயம் எறும்பு முட்டையும் சேர்ந்து விழும். பைப்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தால் வெளிப்பக்கம் பெயிண்ட் அப்படியே இருக்க, உள்ளிருந்து தேய்ந்து பிளேடு மாதிரி மெலிந்திருக்கும். பாட்டி உட்காரும்போது ஒரு நாள் திடீரென்று கால் மடங்குகிறதே, அந்தக் கால் ஒரே நாளில் கெட்டதில்லை. வெளியே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே அரிப்பது நிற்காது.

இதற்கு வைத்தியம் எளிது. உள்ளே இருக்கிற துருவைத் தட்டிக் கொட்டிவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பைப்பின் உட்பக்கம் விளிம்பிலிருந்து எட்டுகிறவரை பிரைமர் தடவுங்கள். புது புஷ் மாட்டுவதற்கு முன் அதன் அடியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். வளைத்த பைப்பாக இருந்து தண்ணீர் வடிய வழியே இல்லை என்றால், மிகத் தாழ்வான இடத்தில் பைப்பிலேயே அப்படி ஒரு துளை போட்டுவிடலாம். புஷ் ஜோடி சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழைய புஷ் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப்போனால் அளவுக் குழப்பம் வராது.

இனி பெயிண்ட் வேலைக்கு வருவோம். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள். கம்பி பிரஷ்ஷால் துரு இருக்கிற இடங்களைத் தேயுங்கள். அப்புறம் 80-ம் நம்பர் உப்புத்தாள், அதற்கு மேல் 120-ம் நம்பர். பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருக்கிற இடத்தில் அதைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும், புதுப் பூச்சுக்குப் பிடிப்பு கிடைத்துவிடும். பெயிண்ட் உரிந்த இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவே விரலுக்குத் தட்டுப்படுகிற மேடு மட்டும் இருக்கக் கூடாது. கடைசியில் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு துடை.

தேய்த்து முடித்ததும் ‘பிரைமர் நாளைக்கு அடிச்சுக்கலாம்’ என்று போய்ப் படுத்துவிடாதீர்கள். மேல்தோல் போன இரும்பு நம் ஊர் ஈரக் காற்றில் ஓர் இரவு கிடந்தாலே லேசாகச் செம்மை பூத்துவிடும். தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

பிரைமர் என்றால் நம் கடைகளில் ரெட் ஆக்சைடுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் செங்கல் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. துருவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம். அதை அரைத்து எண்ணெயில் குழைத்து, துருவைத் தடுக்கிற மருந்து கொஞ்சம் சேர்த்து விற்கிறார்கள். பல தெருக்களில் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து, பெயிண்ட் அடிக்காமல் வருஷக்கணக்காக நிற்கிற கேட்களைப் பார்க்கிறோம். பணம் வந்ததும் அடிக்கலாம் என்று விட்டிருப்பார்கள். பிரைமர் இரும்பைப் பிடித்துக்கொள்ளத்தான். தண்ணீரை வெளியே நிறுத்துவது அதற்கு மேல் வருகிற எனாமல் பெயிண்ட். மேல்பூச்சு இல்லாத பிரைமர் ஒரு மழைக்காலத்தைக்கூட முழுதாகத் தாங்காது. நாற்காலி அளவுக்கு எனாமல் சின்ன டப்பாக்களிலேயே கிடைக்கிறது. அதை ஒத்திப்போட வேண்டியதில்லை.

கனமாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு கோட் அடிப்பது நல்லது. கனமாக அடித்தால் மேலே ஆடை கட்டி, உள்ளே காயாமல் சுருங்கிக்கொள்ளும். முதல் கோட் காய டப்பாவில் போட்டிருக்கிற நேரத்தை விடுங்கள், அவசரம் வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை முதலில் முடியுங்கள். நிமிர்த்திவைத்து மேல்பக்கம் அடித்துவிட்டு அடிப்பக்கத்துக்குக் குனிகிறவர்கள் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு நாற்காலியின் அடியைப் பார்த்தாலே தெரியும், முன்பு அடித்தவர் எந்த வகை என்று. கூர்மையான விளிம்புகளில் பெயிண்ட் தங்காமல் விலகி மெலிந்துபோகும். அதனால் விளிம்புகளுக்கும் வெல்டிங் இருக்கிற இடங்களுக்கும் தனியாக முதலில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம் முழுசாக அடியுங்கள். பெரிய கட்டுமானங்களில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

நேரமும் முக்கியம். பனி உலர்ந்த பிறகு காலை ஒன்பது மணி வாக்கில் நிழலில் வைத்து ஆரம்பித்தால் சரியாக இருக்கும். உச்சி வெயிலில் கொதிக்கிற இரும்பின் மேல் அடித்தால் கொப்புளம் வரும். சாயங்காலம் அடித்தால் இரவுப் பனி பட்டுப் பளபளப்பு செத்துவிடும்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய பழைய எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. தாத்தா காலத்து நாற்காலியை வறட்டு உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும். தவழ்கிற குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எத்தனை தூரம்? தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரைப் பயன்படுத்துங்கள். தேய்த்ததும் உடனே துடைத்துக் காயவைத்துவிட வேண்டும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டிக் கட்டிப் போடுங்கள், விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். நெருப்பு காட்டிப் பெயிண்டை உரிக்கிற வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

துருவை எடுக்க டாய்லெட் ஆசிட் ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஊற்றிய நிமிஷம் பளிச்சென்று வெளுக்கும், உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இடுக்குகளில் தங்குகிற குளோரைடு, கடல் உப்பு செய்கிற அதே வேலையைச் செய்யும். அடுத்த வாரமே துரு இரண்டு பங்காகத் திரும்பி வரும். சின்ன நட்டு, போல்ட் மட்டும் துருவேறி இருந்தால் கழற்றி, ஒரு டம்ளர் வினிகரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டுங்கள்.

கம்பி பிரஷ் போகாத குழிகளில் மெல்லிசாகத் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஹார்டுவேர் கடைகளில் ரஸ்ட் கன்வர்ட்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். பூசியதும் சிவப்புத் துரு சிறிது நேரத்தில் கருநீலமாக மாறும். பார்க்கிறவர்களுக்கு மாயமாக இருக்கும். நம் ஊருக்கு இது புதிதா என்ன? பல கன்வர்ட்டர்களில் இருப்பது டானின். கடுக்காயில் நிறைய இருப்பதும் அதுதான். கும்பகோணம் வட்டாரத்துக் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறவர்களைக் கேளுங்கள். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கரைசலால் கோடு இழுப்பார்கள். இரும்பும் கடுக்காயும் சேர்ந்த இடம் கறுப்பாகிவிடும். நாற்காலியில் நடப்பதும் அதே ரசாயனம். இதற்காகக் கடுக்காய் வாங்கி இடிக்கச் சொல்லவில்லை. கடை டப்பாவே போதும். ஆனால் உதிர்கிற துருவின் மேல் ஊற்றிப் பயனில்லை, தேய்த்து எடுத்த பிறகு மிஞ்சியதற்கு மட்டும்தான்.

வயர் நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. “கட்டில் பின்றது, சேர் பின்றது” என்று தெருவில் குரல் கேட்டதும் ஓடிப்போய்க் கூப்பிடுவோம். அவர் உட்கார்ந்த இடத்திலேயே பழைய வயரை அறுத்துப் போட்டுவிட்டுப் புது வயரைப் பின்னிக் கொடுத்துவிடுவார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் வயர் சுற்றியிருந்த பைப்பில்தான் ஈரம் தங்கித் துரு அதிகம் பிடித்திருக்கும். அந்த இடத்துக்குப் பிரஷ் போகிற ஒரே சந்தர்ப்பம், வயர் அறுந்து ஃபிரேம் மொட்டையாக நிற்கிற அந்த ஓரிரு நாட்கள். ஆகவே அடுத்த முறை அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, “அண்ணே, ஃபிரேமுக்கு பெயிண்ட் அடிச்சு வைக்கிறோம், மூணு நாள் கழிச்சு வாங்க” என்று சொல்லுங்கள். துரு ஃபிரேமின் மேல் பின்னினால் அவர் இழுத்துக் கட்டிய வயரும் சீக்கிரம் அறுந்துபோகும், அவர் உழைப்பும் வீணாகும். வேறொரு தெருவுக்கு மறுபடி வரும்போது எட்டிப் பார்ப்பதில் அவருக்கு ஒன்றும் கஷ்டம் இருக்காது.

கால் உடைந்துவிட்டால் வெல்டிங் பட்டறைதான். அங்கே கொடுத்துவிட்டு வராமல் கொஞ்சம் நின்று பேசுங்கள். “பொட்டு வைக்காதீங்க தம்பி, சுத்தி முழுசா அடிச்சுக் கொடுங்க” என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் கம்பி செலவாகும், அவ்வளவுதான். பைப் உள்ளிருந்து அரித்து மெலிந்திருந்தால் அந்த இடத்திலேயே பற்றவைப்பதில் பயனில்லை, சூட்டில் ஓட்டை விழும். கெட்ட பகுதியை அறுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் செய்த இடத்தில் கறுப்பாகப் படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு அன்றைக்கே பிரைமர் தடவ வேண்டும். கூட வந்த பிள்ளைகள் அந்த வெளிச்சத்தைப் பார்க்காதபடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு நிமிஷ வேடிக்கைக்கு ராத்திரி முழுக்கக் கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தும். அப்படி ஆகிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.

ஜி.ஐ. பைப்பில் செய்த சாமான் என்றால் கணக்கு வேறு. அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. சாதா எனாமலை நேரே அடித்தால் துத்தநாகத்தோடு சேராமல் பட்டை பட்டையாக உரியும். கடையில் ‘ஜி.ஐ.க்கு அடிக்கிற எட்ச் பிரைமர்’ என்று கேட்டு வாங்கி அடித்துவிட்டுப் பெயிண்டுக்குப் போங்கள். இதை வெல்டிங் செய்யும்போது கிளம்புகிற வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே காய்ச்சல் அடிக்கும். பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிற நமக்குத்தான் தெரியாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப் பிடிக்காது என்று நம்பி அதிக விலை கொடுத்து ஊஞ்சலும் கைப்பிடியும் வாங்குகிறோம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார். ஒட்டவில்லை என்றதும் நமக்குத் திருப்தி. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நல்ல 304 ரகத்திலும் ஒட்டாது என்பதை அவர் சொல்வதில்லை. காந்தத்தை நம்பாமல் எந்த ரகம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கடலோரத்தில் 304-லேயே பழுப்புக் கறை படியும், மாலிப்டினம் சேர்ந்த 316 அங்கே நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம். எந்த ரகமானாலும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். நாரின் இரும்புத் துணுக்குகள் மேலே ஒட்டிக்கொண்டு துருப் பிடித்து, ஸ்டீலே துருப்பிடித்ததுபோல் காட்டும். அலுமினியத்துக்கு வாஷிங் சோடா ஆகாது, கறுத்துவிடும். இதை நம் அடுப்படியிலேயே பார்த்திருப்போம்.

புதிதாக வாங்குகிறவர்கள் தகட்டின் கனத்தைக் கேளுங்கள். கேஜ் நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், 20 கேஜ் என்றால் 0.9 தான். வெளியே போடுகிற சாமானுக்கு 16 கேஜைவிட மெல்லிய தகடு கூடாது என்பது என் அபிப்பிராயம். வீட்டில் கிடக்கிற பழைய நாற்காலி தூக்க முடியாமல் கனக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்தக் கனத்தை வேறு கண்ணோடு பார்க்கலாம். தேய்க்கவும் பற்றவைக்கவும் அதில் இரும்பு இருக்கிறது. மெல்லிசுத் தகட்டில் செய்ததை உடைந்தால் தூக்கிப்போடத்தான் வேண்டும்.

மடக்கு நாற்காலியின் ரிவிட்டுக்கும் கட்டிலின் கீலுக்கும் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். அது நாள்பட்டால் பிசினாகித் தூசியை இழுத்து இன்னும் இறுக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

ஊஞ்சலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாற்காலி கெட்டால் கீழே உட்கார்ந்துவிடலாம். ஊஞ்சல் கெட்டால் அடிபடுவது பிள்ளைகள். மாட்டியிருக்கிற கொக்கியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சங்கிலி உட்காருகிற இடத்தில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். சங்கிலி வளையங்களையும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் பாருங்கள், மற்ற இடங்களில் கனமாக இருப்பது அங்கே தேய்ந்திருக்கும். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றுகிற கணக்கு. நம் பிள்ளைகள் விஷயத்தில் அதைவிடத் தாராளமாக இருக்க முடியாது. கொக்கியின் வாய் அகன்றிருந்தால் சுத்தியலால் தட்டி நெருக்காதீர்கள், புதிது வாங்குங்கள். சங்கிலிக்குப் பெயிண்ட் அடித்து அழகு பார்க்கவும் வேண்டாம், கீறல் விட்டிருந்தாலும் பெயிண்ட் மறைத்துவிடும். துடைத்து எண்ணெய் தடவினால் போதும்.

இத்தனையும் செய்து காப்பாற்ற முடியாத சாமான்களும் உண்டு. சந்தேகமாக இருந்தால் துருப்பிடித்த இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்திக் குத்துங்கள். ‘டங்’ என்று சத்தம் வந்தால் அதில் இன்னும் ஆயுள் இருக்கிறது. நொறுக்கென்று உள்ளே போய்விட்டால் பெயிண்டுக்குச் செலவழிக்காதீர்கள். நல்ல நட்டு, போல்ட், புஷ்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பழைய இரும்பு வாங்குகிற வண்டிக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுங்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், தராசைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்